ஆனந்தமாய் ஃபேன் துடைப்பது எப்படி?

வீட்டு வேலையை மகிழ்ச்சியோடு செய்வது எப்படி என்று சொல்லித்தர இன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யுங்கள், மூச்சைக் கவனித்துக்கொண்டே செய்யுங்கள், முடித்ததும் உங்களுக்கு நீங்களே ஒரு சாக்லேட் பரிசளித்துக்கொள்ளுங்கள் என்று ஆளாளுக்கு வழி சொல்கிறார்கள். அந்த சாக்லேட் காகிதத்தை யார் எடுத்துக் குப்பையில் போடுவது என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

நான் வேறு வழியில் போனேன். வீட்டு வேலை செய்யும்போது நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிற ஒரு மனிதரைக் கண்டுபிடித்து, அவர் என்னதான் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிடுவது. தேடி வெகுதூரம் அலையவில்லை. எங்கள் வீட்டில் நான் இருக்கிறேன், அத்தை இருக்கிறார், பத்தாம் வகுப்புப் படிக்கும் பாப்பா இருக்கிறாள். எங்கள் மூவர் முகத்திலும் அப்படியொரு களையை யாரும் பார்த்ததில்லை. என் கணவர் முகத்தில் பார்க்கலாம், ஃபேன் துடைக்கும்போது. கீழே உள்ள முதல் மூன்று படிகள் அவரைப் பார்த்துக் குறித்துக்கொண்டவை.

முதல் படி: தள்ளிப்போடக்கூடிய வேலையாகப் பார்த்து எடுங்கள்

இதுதான் அஸ்திவாரம், நிதானமாகப் படிக்கவும். ஃபேன் துடைக்காவிட்டால் வீட்டில் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. இந்த ஞாயிறு முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு. அதுவும் முடியாவிட்டால் போகி. போகியும் போய்விட்டால், விருந்தாளி வந்து அண்ணாந்து பார்ப்பதற்கு முந்தின நாள். செய்யாமலே இருந்திருக்கலாம், ஆனாலும் செய்கிறேன் என்கிற நினைப்பு தருகிற கம்பீரமே தனி. ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் இந்தக் கம்பீரத்தைத் தராது. ஊறினால் ஆட்டியாக வேண்டும், ஆட்டினால் கரைத்து வைத்தாக வேண்டும், வைத்த பாத்திரம் சிறிதாக இருந்தால் விடிகாலையில் மாவு பொங்கி அடுப்பு மேடை முழுக்க நடந்திருக்கும்.

மார்க் ட்வைன் இதை 1876-லேயே எழுதிவிட்டார். டாம் சாயர் என்கிற பையன் வேலிக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கேலி செய்ய வரும் பையன்களிடம், தினமும் கிடைக்கிற வாய்ப்பா இது என்கிற தோரணையில் பிரஷ்ஷை விடாமல் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான், பையன்கள் தங்கள் சொத்தையெல்லாம் கொடுத்து அந்த பிரஷ்ஷை வாங்க வரிசையில் நிற்கிறார்கள். ஒருவன் பட்டம் கொடுக்கிறான், இன்னொருவன் கயிற்றில் கட்டிச் சுழற்றுவதற்கு ஏற்ற செத்த எலி ஒன்றைக் கொடுக்கிறான். வேலிக்கு மூன்று பூச்சு விழுந்துவிடுகிறது. வேலையில் இன்பம் காண்பது பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கதையை எடுத்துச் சொல்வார்கள். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். அந்த வேலி காலை, மதியம், ராத்திரி என்று தினம் மூன்று வேளை அழுக்காகியிருந்தால் எத்தனை பையன்கள் செத்த எலியோடு வந்திருப்பார்கள்?

இரண்டாம் படி: முன்கூட்டியே அறிவியுங்கள்

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மேலே பார்த்து, “இந்த ஞாயித்துக்கிழமை ஃபேனை ஒரு வழி பண்ணிடலாம்” என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை மறுபடி ஒரு தடவை. தெருமுனை மளிகைக் கடைக்காரருக்கும் தெரிந்துவிட்டால் மிகவும் நல்லது. ரசம் வைப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அறிவிப்புக் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. ரசத்துக்கு ஏன் மரியாதை இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

மூன்றாம் படி: பரிவாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஃபேன் துடைக்க ஓர் ஆள் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கலையின் அரிச்சுவடிகூடத் தெரியாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறுகிறார்.

“பாப்பா, ஸ்டூல் ஆடுது, புடிச்சுக்க. ஏம்மா, ஒரு பழைய துணி குடு.”

கொடுக்கிறேன்.

“இது ரொம்பப் பழசு, நூல் நூலா வருது. வேற குடு. ஈரத்துணி ஒண்ணு, காஞ்ச துணி ஒண்ணு. அம்மா, அந்த டார்ச்ச கொஞ்சம் மேல அடிங்க.”

ஜன்னல் வழியே வெயில் கொட்டிக்கொண்டிருக்கிறது. அத்தை மறுபேச்சு இல்லாமல் டார்ச் அடிக்கிறார். அவர் இறக்கை விளிம்பில் ஒட்டியிருக்கும் கறுப்பு அழுக்கை விரலால் வழித்து, எங்கள் மூவருக்கும் காட்டுகிறார். “பாத்தியா? இத்தனை நாளா இந்தக் காத்தைத்தான் சுவாசிச்சிருக்கோம்.” நாங்கள் குற்ற உணர்வோடு சுவாசிக்கிறோம்.

இந்த இடத்தில், ‘எப்படி?’ என்று தலைப்பு வைத்துவிட்டபடியால், உருப்படியாக ஒரு குறிப்பும் தந்துவிடுகிறேன். பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி, மேலும் கீழும் அழுத்திப் பிடித்து வெளியே இழுத்தால் தூசி அத்தனையும் உறைக்குள் விழுந்துவிடும். தரையில் ஒரு துளி சிந்தாது. இதை அவரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார், செய்யவில்லை. யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். தூசி யார் கண்ணிலும் படாமல் உறைக்குள் போய்விட்டால் வேலை நடந்ததற்கு என்ன சாட்சி? அது மேலிருந்து உதிர வேண்டும். காலையில் துடைத்த தரையிலும், முற்றத்தில் வைக்க எடுத்துவைத்த மிளகாய் வற்றலிலும் விழ வேண்டும்.

இறங்கியதும் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்து அண்ணாந்து பார்க்கிறார். நாங்களும் பார்க்க வேண்டும். “காத்து எப்படி வருது பாரு!” குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் போகிறது. நாத்தனார் கைகூப்பும் பொம்மையை அனுப்புகிறார், மதுரைச் சித்தப்பா மூன்று கைதட்டல் அனுப்புகிறார். ஸ்டூல், வாளி, துணிகள், டார்ச் எல்லாம் ஹாலில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றை எடுத்து வைப்பது ஃபேன் துடைத்தல் என்கிற வேலைக்குள் வராது. அது தனி வேலை, அதற்கு அறிவிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை.

நான்காம் படி: மனத்தை ஒருமுகப்படுத்துங்கள்

இந்தப் படி அவரிடமிருந்து கற்றதல்ல, அமெரிக்காவிலிருந்து வந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்களைப் பாத்திரம் தேய்க்க வைத்து, 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பாத்திரத்தை எப்படித் தேய்ப்பது என்று விளக்கும் குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குத் தேய்க்கும்போது தேய்ப்பதை மட்டுமே நினை என்கிற மாதிரியான ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். சோப்பின் வாசம், நீரின் வெதுவெதுப்பு, கையில் படும் பாத்திரத்தின் வழவழப்பு எல்லாவற்றையும் உணர்ந்து தேய்த்த இரண்டாம் பிரிவுக்குப் பதற்றம் 27 சதவீதம் குறைந்ததாம், மனத்தில் உற்சாகம் 25 சதவீதம் கூடியதாம்.

செய்து பார்க்காமல் குறை சொல்லக்கூடாது. ராத்திரி ஒன்பதரை மணி, சிங்க் முன்னால் நின்று கண்ணை லேசாக மூடினேன். வெதுவெதுப்புக்குக் குறைவில்லை. சித்திரை மாதம், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், ஹீட்டர் இல்லாமலே கை சிவந்துவிடும். வழவழப்பும் உண்டு, வடைச் சட்டியில். வாசத்தில்தான் தகராறு. அன்றைக்கு நெத்திலிக் குழம்பு. மண்சட்டிக்கு சோப்புப் போடக்கூடாது, சட்டி உறிஞ்சிவைத்துக்கொண்டு அடுத்த குழம்பில் திருப்பிக் கொடுக்கும். கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கவிழ்க்க வேண்டும். அதை ஒருமுகமாக முகர்ந்தேன். பிறகு மிக்ஸி ஜாரில் பிளேடுக்கு அடியில் ஒளிந்திருக்கும் தேங்காய்ச் சட்னி. அதை விரலால் எடுக்கும்போது மனம் தானாகவே ஒருமுகப்படுகிறது, இல்லாவிட்டால் விரல் போய்விடும். குக்கர் மூடியின் கேஸ்கட், இட்லித் தட்டின் குழிக்குக் குழி இருக்கும் ஓட்டை. நடுவில் பாப்பா வந்து, காலையில் பையிலேயே மறந்துவிட்ட டிபன் பாக்ஸை சத்தமில்லாமல் சிங்க்கில் வைத்துவிட்டுப் போனாள். திறந்தேன். உள்ளே மதியத் தயிர்சாதம், இப்போது வேறு ஏதோவாக.

அந்த மாணவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் தேய்த்தார்கள், கையைத் துடைத்தார்கள், படிவத்தை நிரப்பினார்கள், வீட்டுக்குப் போனார்கள். பதற்றம் குறையாமல் என்ன செய்யும்?

ஐந்தாம் படி: பாடுங்கள்

நம் ஆட்கள் இதில் எல்லோருக்கும் மூத்தவர்கள். உலக்கை பிடித்தால் வள்ளைப்பாட்டு, ஏற்றம் இறைத்தால் ஏற்றப்பாட்டு, நாற்று நட்டால் நடவுப்பாட்டு. வள்ளை கலித்தொகையில் இருக்கிறது, சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையிலும் இருக்கிறது. மாணிக்கவாசகர் வாசனைப் பொடி இடிக்கிற பெண்கள் பாடுவதாகத் திருப்பொற்சுண்ணம் என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார். உலக்கை பிடித்தவர்கள் பாடினார்கள், எழுத்தாணி பிடித்தவர்கள் ஏட்டில் ஏற்றினார்கள். இடித்து முடித்தபின் உரலை யார் கழுவினார்கள் என்பதற்கு மட்டும் ஏட்டில் இடம் போதவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஆகா, அந்தக் காலத்தில் உழைப்பே கொண்டாட்டமாக இருந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறிக் குத்தும்போது தாளம் தப்பினால் உலக்கையும் உலக்கையும் மோதும். ஏற்றத்தில் ஒருவர் துலாவின் மேல் ஏறி இறங்கி நடக்க, இன்னொருவர் சாலைச் சரித்து நீரைப் பாய்ச்சுவார். எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கு அந்தப் பாட்டுக்குள்ளேயே ஓடும். பாட்டு இருந்தது சந்தோஷத்துக்காக மட்டுமல்ல. கை நசுங்காமல் இருக்கவும், கணக்குத் தப்பாமல் இருக்கவும், இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரியவும் இருந்தது. ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்று ஒரு பழமொழி உண்டு. இறைக்கிறவனுக்கு மூச்சு இருந்தால்தானே எதிர்ப்பாட்டு?

வெள்ளைக்காரர்கள் இதையே ரேடியோவில் செய்தார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1940 ஜூனில், பிபிசி தொழிற்சாலைகளுக்கென்று ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ என்றொரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1967 வரை ஓடியது. அதில் எல்லாப் பாட்டும் போடமாட்டார்கள். நடுநடுவே கைதட்ட வேண்டிய ஓர் அமெரிக்கப் பாட்டைத் தள்ளியே வைத்தார்கள். கேட்கிற தொழிலாளிகள் கையிலிருக்கும் ஸ்பானரால் இயந்திரத்திலேயே தாளம் போட்டுவிடுவார்கள் என்று பயம். உற்பத்திக்கு எவ்வளவு மகிழ்ச்சி தேவையோ அவ்வளவு கொடுக்க வேண்டும், கொசுறு கூடாது.

வீட்டில் பாட்டுப் போடலாம் என்றால், கிரைண்டர் ஓடும்போது எந்த ராஜா பாட்டும் எடுபடாது. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அவர் படத்தை மாட்டி விளக்கேற்றினால்கூடத் தகும் என்று நான் சொன்னபோது அத்தை ஆமோதிக்கவில்லை.

“ஆட்டுக்கல்லுன்னா ஒருத்தி ஆட்டுவா, ஒருத்தி தள்ளிவிடுவா. ஊர்க்கதை பூரா அங்கதான் வரும். எந்தப் பொண்ண எங்க பேசிருக்காங்க, யாரு வீட்டுல அடுப்பு எரியல, எல்லாம் அங்க தெரிஞ்சுரும். இதுல என்ன? சுவிட்சப் போட்டுட்டு ஒத்தையில உக்காரணும். பேசணும்னா கத்தணும். கத்திக்கிட்டு எப்படி ரகசியம் பேசுறது?”

“அப்ப பழையபடி ஆட்டுக்கல்லையே எறக்கிரலாமா அத்தை?”

“உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டு, கிரைண்டருக்கு இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்தார்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் இதைப் பற்றி 1983-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் மிச்சப்படுத்தியதில் பெரும்பகுதி, விறகு பிளப்பது போல ஆண்களும் பிள்ளைகளும் செய்துகொண்டிருந்த பங்கு என்பது அவர் வாதம். அம்மாவின் பங்கு அப்படியே இருந்தது, அதில் சுத்தத்தின் அளவுகோல் மட்டும் உயர்ந்தது. அத்தை இந்தப் புத்தகத்தைப் படித்ததில்லை. கோவன் எங்கள் அத்தையிடம் பேசியிருந்தால் சீக்கிரம் எழுதி முடித்திருப்பார்.

ஆறாம் படி: நேரத்தோடு போட்டி போடுங்கள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்கிற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறை டைமரைத் திருகி வைத்து, 25 நிமிடம் படிப்பது, பிறகு சிறிது ஓய்வு என்று ஒரு முறையை வகுத்தார். உலகமே பின்பற்றுகிறது. நம்மிடம் குக்கர் இருக்கிறது. பருப்புக்கு நாலு விசில், அதற்குள் வெங்காயம் நறுக்கி, சீருடைக்கு இஸ்திரி போட்டு, பால்காரருக்குப் பணம் எடுத்து வைத்தாக வேண்டும். ஓய்வு எப்போது என்று சிரில்லோ சொன்னார். குக்கர் சொல்வதில்லை.

ஏழாம் படி: ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேளுங்கள்

ஜப்பானின் மாரி கோண்டோ 2011-ல் எழுதிய புத்தகம் சொல்வது இது. ஒரு பொருளைக் கையில் எடுங்கள், அது உங்களுக்குள் மகிழ்ச்சியை மினுக்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பரணைத் திறந்து ஆரம்பித்தேன். அத்தையின் சீர்வரிசைப் பித்தளை அண்டா மினுக்கவில்லை, ஆனால் அதை அனுப்பினால் எனக்கும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். மின்கட்டண அட்டை, கேஸ் புத்தகம், பாப்பாவின் தடுப்பூசி அட்டை எதுவும் மினுக்கவில்லை. மினுக்கிய ஒரே பொருள் பரண் கதவு, சாத்திய பிறகு.

2023 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. மூன்றாவது குழந்தை பிறந்தபிறகு, வீட்டை ஒழுங்குபடுத்துவதை ஏறக்குறைய விட்டுவிட்டதாகக் கோண்டோவே சொல்லியிருந்தார். பல பேர் கேலி செய்தார்கள். எனக்கு அன்றுதான் அவர் சொல்வது புரிய ஆரம்பித்தது.

எட்டாம் படி: புள்ளிவிவரத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மத்திய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2019-ல், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்களுக்கு அது 289 ஆகக் குறைந்தது. ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமானபோது ஆண்களும் பின்தங்கிவிடாமல் ஒன்பது நிமிடம் மிச்சப்படுத்திக்கொண்டார்கள். இதற்குப் பெயர் சமத்துவம். அந்த 88-ம் வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரிதான். வைக்காதவர்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை, சோபாவில் இருந்தார்கள்.

கடைசிப் படி: செய்முறைப் பயிற்சி

இவ்வளவும் ஆராய்ந்தபிறகு தெளிவானது இதுதான்: அமெரிக்காவும் இத்தாலியும் ஜப்பானும் உதவாது, என் கணவரின் முறையையே அப்படியே அன்றாட வேலைக்குப் பொருத்த வேண்டும். வாழைப்பூவைத் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை இரவே அண்ணாந்து பார்த்து, “ஞாயித்துக்கிழமை வாழைப்பூவ ஒரு வழி பண்ணிடலாம்” என்று அறிவித்தேன். சனிக்கிழமை மறுபடியும். ஞாயிறு காலை ஹாலின் நட்டநடுவே, டி.வி.க்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தேன்.

“என்னங்க, ஒரு பழைய பேப்பர் விரிங்க. இது இங்கிலீஷ் பேப்பர், வழுக்குது, தமிழ்ப் பேப்பர் எடுங்க. பாப்பா, கையில தடவ நல்லெண்ணெய். அத்தை, ஒரு கிண்ணத்துல மோர் ஊத்தி வைங்க, பூ கறுக்காம இருக்கணும்.”

மடலை உரித்து, உள்ளே வரிசையாய் இருக்கும் பூக்களை எடுத்து, நுனியைத் தேய்த்து விரித்து, நடுவில் தலை தடித்து நிற்கும் கள்ளனைப் பிடுங்கிக் காட்டினேன். “பாத்தீங்களா? இது ஒண்ணு உள்ள போச்சுன்னா எவ்வளவு வேக வச்சாலும் வேகாது.” மூவரும் பார்த்தார்கள். அவர் சோபாவின் நுனிக்கு வந்தார்.

“நான் ஒண்ணு எடுக்கட்டுமா?”

இங்கேதான் டாம் சாயர் கைகொடுத்தான். “வேணாங்க. இது எல்லாருக்கும் வராது. பழக்கம் வேணும்” என்று கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் கள்ளனோடு பூவின் பாதியும் வந்தது, பிறகு கை பழகியது. நான்காவது மடலுக்கு வந்தபோது எனக்கே சொல்லித்தர ஆரம்பித்தார். “அப்படி இல்ல, கொத்தா புடிச்சு நுனிய உள்ளங்கையில தேய்ச்சா, கள்ளன் எல்லாம் தானா தலை நீட்டும். இத்தனை வருஷமா ஒவ்வொண்ணா எடுத்திட்டிருந்தியா?” எண்ணெய்க் கையோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மதுரைச் சித்தப்பா நான்கு கைதட்டல் அனுப்பினார், ஃபேனுக்கு அனுப்பியதைவிட ஒன்று அதிகம். உரித்த மடல்களையும் பேப்பரையும் அப்படியே விட்டு நான் எழுந்துவிட்டேன். முறை என்றால் முழுதாகப் பின்பற்ற வேண்டும். கொஞ்ச நேரம் அவர் அவற்றைப் பார்த்தார், அவை அவரைப் பார்த்தன. கடைசியில் அத்தைதான் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அந்த இடத்தில் முறையைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

மற்றபடி இது சின்ன வெங்காயத்துக்கும் முருங்கைக்கீரைக்கும் நன்றாகப் பொருந்துகிறது. வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்து, “இது கை பழகினவங்களுக்குத்தான் வரும்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கீரை இன்னும் சுலபம், ராத்திரியே துணியில் சுற்றி மூடிவைத்தால் காலையில் உதறியதும் இலை கொட்டிவிடும், கைதட்டலும் சீக்கிரம் கிடைத்துவிடும். அடிப்பிடித்த பால் பாத்திரத்துக்கு மட்டும் பொருந்தவில்லை. அதையும் அறிவித்து, பரிவாரம் சேர்த்து, எல்லாருக்கும் வராது என்றும் சொல்லிப் பார்த்தேன். அவர் வந்து குனிந்து பார்த்தார், விரலால் ஒருமுறை சுரண்டினார், குழாயைத் திறந்து அரைப் பாத்திரம் தண்ணீர் பிடித்தார்.

“ஊறட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.